பம்ப் ஸ்க்ரூவைத் திருக முதல்

பழைய டேர்போ லொறி வைத்திருக்கிற நம்மட ஊராக்களுக்காக இதை எழுதுகிறோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு புது லொறி என்ற பேச்சே பலருக்கு இல்லாமல் போனது. இப்போது திறந்துவிட்டார்கள்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்து பழையதையே கழுவி நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால் கராஜுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பாஸ், இதுக்குக் கொஞ்சம் பவர் கூட்டேலுமா?"

எங்கட வீட்டில் காக்காவின் இசுசு எல்ஃப், 4ஜேபி1 டேர்போ எஞ்சின், 2.8 லீற்றர். 50 கிலோ அரிசி மூட்டை 40 ஏற்றி, அக்கரைப்பற்றிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிற லொறி. லீசிங் இன்னும் முடியவில்லை. 18 வளைவில் முதலாம் கியரில், கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டுதான் ஏறும். ஒருவர் லேசான வழி சொன்னார்: டீசல் பம்பின் பின்பக்க ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே விட்டால் பறக்குமாம்.

பறக்கும்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சின் புகையில்லாமல் இழுக்க அதைவிடக் கூடவே வேண்டும். ஏற்கெனவே கறுப்பாகப் புகைக்கிற எஞ்சினுக்கு டீசலைக் கூட்டுவது, சாப்பிட ஏலாமல் இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு பிடி ஊட்டுகிற மாதிரி. எரியாத டீசல் புகையாகப் போகும், சூடு எஞ்சினுக்குள் நிற்கும். காரென்றால் முந்துகிற பத்துச் செக்கனுக்குத்தான் முழு மிதி. 18 வளைவில் நிமிடக்கணக்காக மிதிக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியசில். (ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எப்பிடி சேர் உருகாம இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. எரிவாயு தொட்டுப் போவது கண நேரம், ஒயிலும் சிலிண்டர் சுவரும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சமநிலையைத்தான் ஸ்க்ரூ குழப்புகிறது.)

ஆகவே நாங்கள் காற்றிலிருந்து தொடங்கினோம். எயார் கிளீனரைக் கழற்றினால் தவிட்டு மூட்டை மாதிரி இருந்தது. பிறகு டேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஹோசுக்குள் கொம்ப்ரசரால் மெதுவாகக் காற்று விட்டு, வெளியே சவுக்காரத் தண்ணீர் பூசினோம். கிளிப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று நுரை தள்ளியது. டேர்போ அமுக்கிய காற்று அதால்தான் போய்க்கொண்டிருந்தது. நோசில் நான்கையும் டெஸ்ட் பண்ணியதில் இரண்டு சரியாகப் பீச்சவில்லை. இவ்வளவையும் சரிசெய்ததும் புகை பாதியாகக் குறைந்தது. பம்பை யாரும் தொடவில்லை. பவர் கூட்ட வேண்டும் என்று வருகிற லொறிகளில் பலவற்றுக்கு இருந்த பவர்தான் தொலைந்திருக்கும் என்பது எங்கட எண்ணம்.

அடுத்தது இன்டர்கூலர். எங்கட லொறிக்கு அது இல்லை. 35 பாகைக் காற்றை டேர்போ 0.7 பார் அமுக்கினால் அது 100 பாகையைத் தாண்டிச் சூடாகும். சூடான காற்று ஐதானது. 60 பாகைக்கு ஆற்றினால் அதே இடத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கூடுதலாக அடங்கும். பஞ்சிகாவத்தையில் பாவித்த இன்டர்கூலர் ஒன்று எடுத்தோம். பைப் வளைத்துப் பொருத்துவதற்குள் காக்காவின் பொறுமை இரண்டு முறை போய் வந்தது.

அதோடு ஒரு சூட்டு மீற்றரும் வாங்கினோம். சென்சருக்கு எக்ஸோஸ்ட் மெனிபோல்டில் துளை போட வேண்டும். மெனிபோல்டைக் கழற்றித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தூள் டேர்போவின் விசிறிக்குள் போகும். டேர்போவுக்கு முன்னால் 700 பாகைக்கு மேல் தொடர்ந்து நிற்கவிடக் கூடாது என்பது பழைய டீசலுக்கு வேலைக்காரர்கள் சொல்கிற கணக்கு. இந்த மீற்றர் இல்லாமல் பம்பைத் தொட விடமாட்டோம் என்று வீட்டில் சண்டையே பிடித்தோம்.

கடைசியில் பம்பும் தொடப்பட்டது. ஆனால் பின்பக்க ஸ்க்ரூ இல்லை. பம்பின் தலையில் வட்ட மூடிக்குள் ஒரு டயப்ரம், அதன் நடுவில் ஒருபக்கம் சாய்வாகச் சீவிய பின் இருக்கிறது. டேர்போ காற்று அழுத்தும்போது பின் கீழே இறங்கி டீசலைக் கூட்டுகிறது. அதைக் கொஞ்சம் திருப்பினால் காற்று வந்த பிறகுதான் டீசல் கூடும், எடுத்த எடுப்பில் புகை கூடாது. டீசல் பம்ப் கடைக்காரரே அளந்து திருப்பினார்.

இப்போது அதே 40 மூட்டையோடு பெரும்பாலான வளைவுகளில் இரண்டாம் கியர். மீற்றர் முள் 640ஐத் தாண்டவில்லை. தாண்டினால் காலை எடுக்க வேண்டும் என்பது காக்காவுக்குப் பழகிவிட்டது. லைசன்சுக்கான புகைப் பரிசோதனையும் இம்முறை முதல் தடவையே பாஸ்.

இதைப் பார்த்த பக்கத்துக் கடை நாநா கேட்டது, "அப்ப இனி 55 மூட்டை ஏத்தலாம் என்ன?" ஏற்றலாம், லொறி ஏறும். கண்டியிலிருந்து சாமானோடு திரும்பி அதே வளைவுகளில் இறங்க வேண்டுமே. எஞ்சினுக்குத்தான் வேலை செய்தோம். பிரேக் கம்பனி போட்ட அதே பிரேக், டயர் அதே டயர், செஸியும் அதே. காக்காவும் முதலில் 50 என்றுதான் சொன்னார். ராத்தா ஒரு வார்த்தையும் பேசாமல் சின்னவனைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா. இப்போது 40தான் ஏற்றுகிறோம்.

மீற்றர் பூட்டியதைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், லொறி வாசலில்தான் நிற்கும். சவுக்காரத் தண்ணீர் டெஸ்டை உங்கட லொறியிலேயே செய்து காட்டுவோம், காசு வேண்டாம்.