கார்டு சாகலை

ராத்திரி ரெண்டு மணி.
அசெம்பிள் பண்ணின பிசியில மேக்ஓஎஸ் ஏத்திட்டிருந்தேன்.

ஆப்பிள் லோகோ வந்துச்சு. கீழ அந்த வெள்ளைக் கோடு முக்கால்வாசி நகந்துச்சு.
அப்புறம் மானிட்டர் கருப்பு.
ஃபேன் மட்டும் சுத்துது.

பயாஸ்ல சிஎஸ்எம்-ஐ ஆஃப் பண்ணேன். அபவ் 4ஜி டீகோடிங்கை ஆன் பண்ணேன். கேபிளையும் மாத்திப் பாத்தேன்.
அதே கருப்பு.

கடைசியில பாத்தா, ஓப்பன்கோர் பூட்லோடர் கான்ஃபிக்ல பூட் ஆர்கியுமென்ட் ஒண்ணை நான் விட்டிருக்கேன்: ஏஜிடிபிமோட்=பிகேரா.
ஆர்எக்ஸ் 5700 மாதிரி நவி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது வேணும். இல்லேன்னா உள்ள சிஸ்டம் ஓடிட்டே இருக்கும், படம் மட்டும் வராது.

சேத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். டெஸ்க்டாப் வந்தப்போ கண்ணு கலங்கிடுச்சு.

இன்டெல் மேக்குக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்புன்னு 2025லயே அறிவிச்சாச்சு. அதனால பிசியில மேக்ஓஎஸ் ஏத்துற இந்த வேலைக்கும் இன்னும் கொஞ்ச காலம்தான்.

திரை கருப்பாச்சுன்னா கார்டைக் கழட்டி கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. முதல்ல அந்த ஒரு வரியைப் பாருங்க.