பார்ப்பவருக்கா, வாழ்பவருக்கா?

உப்பளத்தில் உழைப்பவர் முதலில் நோக்குவது நீரை; உப்பு பிறகுதான். கடல்நீர் அடர்த்திமானியில் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். அது பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் செறிந்து, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்குமுன் எவ்வளவு அவசரப்பட்டாலும் பூக்காது. 30 டிகிரியைத் தாண்டவிட்டாலோ கசப்பு உப்புகள் கலந்து சரக்கின் தரம் கெடும். மரக்காணத்தில் எழுத்தறியாத முதியவர்களுக்கும் இந்த அறிவு உண்டு. அதே மரக்காணத்து வீடுகளில் இன்று புதிதாக இடம்பிடித்திருக்கும் மீன்தொட்டிகளைக் காணும்போது, இந்த அறிவு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களில் இத்தொட்டிகளைப் பார்க்கிறேன். அடியில் நீலமும் சிவப்புமாய்க் கற்கள், நடுவே பிளாஸ்டிக் கோட்டை, குமிழிவிடும் பொம்மை, நம் கடற்கரையிலேயே பொறுக்கிய சிப்பிகள். இவற்றிடையே ஒரு தங்கமீன், ஓர் ஏஞ்சல், ஒரு ஃபைட்டர், கண்ணாடியைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு சக்கர் மீன். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் இவ்வலங்காரத்தின் ஒழுங்குமுறையைச் சற்றே கவனியுங்கள். முதலில் தொட்டி, அடுத்து அலங்காரம், கடைசியில் அந்த நிறங்களுக்குப் பொருந்தும் மீன்! குடியிருக்கப் போகிறவரைக் கேளாமலே வீடு கட்டி முடிக்கப்பட்டுவிடுகிறது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் நீர் கொள்ளும். அதில் 10 கிலோ கல்லைப் பரப்பினால் ஏறத்தாழ 4 லிட்டர் நீருக்கான இடத்தைக் கல் பறித்துக்கொள்கிறது. அதன்மேல் எழும் ஒவ்வொரு கோட்டையும் மீன் நீந்தும் வெளியைக் குறைக்கிறது. நம் பகுதியின் வெப்பத்தையும் மறத்தலாகாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும்; 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கும். நீர் உயிர்வளியை ஏற்பது மேற்பரப்பின் வழியே. ஆகவே உயர்ந்து ஒடுங்கிய தொட்டியைவிட நீண்டு அகன்றதே மீனுக்கு நல்லது. அலங்காரங்களைப் பின்புறமும் ஓரங்களிலும் ஒதுக்கி, நடுவிடத்தை நீந்துவதற்கு விட்டுவிடுவதே முறை.

மீனுக்கு மீன் தேவையும் வேறு. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, பெரிதாக வளர்வது, கழிவும் மிகுதி, நட்ட செடியைத் தோண்டிப் போடும் இயல்புடையது. ஃபைட்டரின் மெல்லிய துடுப்பு பிளாஸ்டிக் இலையின் கூர்விளிம்பில் கிழியும். ஏஞ்சல் மீனுக்கு உயரம் வேண்டும்; வளர்ந்தபின் சிறிய நியான் டெட்ராவை விழுங்கிவிடும். அந்த நியான் டெட்ராவோ அமேசான் ஆற்றுப் படுகையின் மென்னீருக்கு உரியது. நாம் ஆசையாய் இடும் சிப்பி சுண்ணாம்பேயாதலால், நீரின் கடினத்தன்மையை மெல்லமெல்ல உயர்த்தி அதனை வாட்டும். விரலளவில் வாங்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் அதை ஏரியில் விட்டுவிடுகின்றனர் சிலர். அவ்வாறு பெருகிய சக்கர் மீன்கள் தமிழக நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிட்டன. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி நம் அருகிலேயே இருக்கிறது. இரக்கம் என்று எண்ணி அங்கே கொண்டுபோய் விடுவது, அந்நீரின் மீன்களுக்கும் அவற்றை நம்பி வாழும் பறவைகளுக்கும் இழைக்கும் தீங்காகும்.

அப்படியானால் உவர்ப்பு ஏறிய கிணற்று நீரை உடைய நாம் என்ன மீன் வளர்ப்பது? நம் நீருக்கு இசைந்தவற்றை. மோலியும் கப்பியும் கடின நீரிலும் சற்றே உவர்ந்த நீரிலும் நலமாய் வாழும். அங்கே சிப்பியும் தீங்கு செய்யாது. தென்னிந்தியா, இலங்கைக் கரையோரங்களின் கழிமுகங்களுக்கே உரிய ஆரஞ்சுக் குரோமைடு இன்னும் பொருத்தமானது. கேரளத்தார் பள்ளத்தி என்பர். அதற்குக் கோட்டை வேண்டாம். உடைந்த மண்சட்டியின் ஓடு ஒன்று போதும். அதன்மேல் முட்டையிட்டு, தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் நிற்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் வழுவழுப்பைக் கொறித்து உண்ணும். எந்தக் கடையிலும் வாங்க இயலாத அலங்காரக் காட்சி அது!

மீன்தொட்டியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1850-இல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் தம் சோதனையை வெளியிட்டார். இரண்டு தங்கமீன்கள், வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடி, சில நத்தைகள். செடி உயிர்வளி தந்தது. மீனின் கழிவு செடிக்கு உரமாயிற்று. அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன. அழகுக்கென்று மட்டும் வைத்த பொருள் ஒன்றும் அதில் இல்லை. சென்னை மெரினாவில் 1909-இல் மீன் காட்சியகம் திறக்கப்படுவதற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகள் முன்னரே, அலங்காரமும் வாழ்வும் ஒன்றாயிருக்கலாம் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இதற்குப் பொறுமையும் தேவை. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டியை மீன்களால் நிரப்பினால் இறப்பு உறுதி. தொடக்கநூலின் படைப்பு வரிசையை நினைவுகூருங்கள். ஒளியும் நீரும் நிலமும் செடியும் முன்னே. மீன்கள் வந்தது ஐந்தாம் நாளில். யாருக்காக என்பதை முன்னரே அறிந்து, இல்லத்தை ஆயத்தம் செய்து, அதன்பின் உயிரை அழைத்ததே இறைவனின் முறை.

காலையில் ஒரு மீன் செத்து மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. மாலைக்குள் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி விட்டுவிடுகிறோம். அழுகை நிற்கிறது, ஆனால் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? உயிர் என்பது உடைந்தால் மாற்றிக்கொள்ளும் பொருள் என்பதைத்தானே? மீனின் விலை முப்பது ரூபாயாக இருக்கலாம். இப்பாடத்தின் விலையை யார் கணக்கிடுவது?

இந்த மனப்பாங்கு தொட்டியோடு நிற்பதுமில்லை. வீட்டின் பெருமையை முதலில் வரைந்துவிட்டு, அதற்கு ஏற்ற மருமகளைத் தேடும் குடும்பங்கள் உண்டு. அயலார் மெச்சும் படிப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் பிள்ளையைத் திணிக்கும் பெற்றோரும் உண்டு. வந்து வாழப்போகிறவரின் இயல்பு என்ன, அவருக்கு எந்த நீர் ஒத்துக்கொள்ளும் என்று கேட்பவர் சிலரே.

மீன் வளர்க்க விரும்பும் அன்பர்களே, தாராளமாய் வளருங்கள். கடைக்குச் செல்லுமுன் உங்கள் கிணற்று நீரைச் சற்றே சுவைத்துப் பாருங்கள். அந்த நீரில் மகிழ்ந்து வாழும் மீன் எது எனக் கேட்டறியுங்கள். அம்மீனுக்கு மணல் வேண்டுமா, ஓடு வேண்டுமா, செடி வேண்டுமா என்று விசாரியுங்கள். அதன்பின் அலங்கரியுங்கள். நலமாய் வாழும் உயிரைவிடச் சிறந்த அலங்காரம் எந்தத் தொட்டிக்கும் இல்லை. எந்த வீட்டுக்கும் இல்லை.