தம்பி வாங்கிட்டு வந்த டப்பா

மக்களே, இது பி.காம் மூணாம் வருஷம் படிக்கிறவன் எழுதினது. மருத்துவ ஆலோசனைன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். உங்க வீட்டுக் குழந்தைக்கு உங்க டாக்டர்தான். ஆனா ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதிடறேன்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி அம்மா வீட்டுக்கு, அதாவது திருநெல்வேலிக்கு வந்திருந்தா. பையன் பிறக்கும்போது 2.8 கிலோ. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 2.58. எனக்குப் பகீர்னுச்சு. முதல் சில நாள்ல எல்லாக் குழந்தையும் எடை குறையும், 7, 8 சதவீதம் சகஜம், பத்தைத் தாண்டினாதான் கவலை, ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்கு வந்துடணும்னு நர்ஸ் சொன்னாங்க. உடனே மொபைல்ல தட்டினேன். 7.86 சதவீதம். சரி, தப்பிச்சோம்.

தப்பிக்கலை. பதினாலாம் நாள் தராசுல 2.62. பத்து நாள்ல 40 கிராம், அதாவது ஒரு நாளைக்கு நாலு கிராம். ஏற வேண்டியது 20-லேர்ந்து 30.

டாக்டரம்மா எடுத்தவுடனே பவுடர் எழுதலை. அக்காவைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. பிள்ளையைப் பிடிச்சிருக்கிற விதத்தை மாத்தி விட்டாங்க. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?"னு கேட்டாங்க. ஆறு தடவையாவது போகணுமாம். நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். கணக்குப்பதிவியல்ல நல்ல மார்க் வாங்கற எனக்கு வெக்கமா போச்சு. உள்ள போற பாலை அளக்க முடியாது, அதனால வரவை விட்டுட்டுச் செலவை எழுதணும். அன்னிக்கே ஒரு நோட்டு போட்டேன்.

விஷயம் இதுதான். பையன் தூங்குமூஞ்சி. அஞ்சு நிமிஷம் குடிச்சிட்டுத் தூங்கிடறான். பால் மிச்சமாகுது. மிச்சமானா உடம்பு அடுத்த தடவை குறைச்சுச் சுரக்குது. குறைச்சுக் குடிச்சவனுக்குத் தெம்பில்லாம இன்னும் தூக்கம். டிமாண்ட் விழுந்தா சப்ளை விழும்னு நாங்க முதல் செமஸ்டர்ல படிச்சது இங்க அப்படியே நடக்குது. அதனால டாக்டரம்மா சொன்ன வரிசை: முதல்ல ரெண்டு பக்கமும் தாய்ப்பால். அப்புறம் பம்ப்ல எடுத்து வச்ச பால் இருந்தா அது. போதலைன்னா பவுடர் கரைச்சு, மொத்தம் 30 மில்லி வரைக்கும், பாலாடையில. பாட்டில் வேண்டாம். அவன் போதும்னா விட்டுடணும். கடைசியா அக்கா மறுபடி பம்ப் பண்ணணும், சப்ளை விழாம இருக்க.

டப்பா வாங்க மெடிக்கலுக்குப் போனது நான். 400 கிராம். வீட்டுக்கு வர்ற வழியில திருப்பித் திருப்பிப் பாத்தேன். குழந்தைச் சாமான் எல்லாத்துலயும் கொழுகொழுன்னு ஒரு பிள்ளை சிரிக்கும், இதுல படமே இல்லை. பெரிய எழுத்துல, உங்க குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்ததுன்னு ஆங்கிலத்துல போட்டிருந்தது. தன் சரக்கு ரெண்டாம் தரம்னு தானே எழுதி விக்கிற கம்பெனி உண்டா? உண்டு, எழுதச் சொல்லிச் சட்டம் இருக்கு. 1970-கள்ல கம்பெனிகள் ஏழை நாடுகள்ல பால்பவுடரை விளம்பரம் பண்ணி வித்து, சுத்தமில்லாத தண்ணியில கரைச்சுக் குடிச்ச பிள்ளைகள் செத்துப்போக, 1977-ல நெஸ்லேவைப் புறக்கணிக்கச் சொல்லி அமெரிக்காவுல இயக்கமே நடந்தது. 1981-ல உலக சுகாதார அமைப்பு விற்பனை விதிகள் போட்டது. நம்ம ஊர்ல 1992-ல சட்டம், 2003-ல இன்னும் இறுக்கினாங்க. விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, டப்பாவுல பிள்ளை படம் கூடாது. நல்ல சட்டம்னு இப்பவும் சொல்வேன்.

அந்த வரியை அக்கா படிச்சா. டப்பாவை அலமாரியில எழுத்து தெரியாம சுவர்ப் பக்கமா திருப்பி வச்சா.

ஆச்சி சும்மா இருக்குமா? "எட்டுப் பிள்ள பெத்தேன், எந்த டப்பாவ வாங்குனேன்?" அக்காவோட மாமியார் வீடியோ கால்ல பாலாடையைப் பாத்துட்டு, "சுறாப்புட்டு செஞ்சு குடுக்கலையா?"ன்னாங்க. சுறாப்புட்டு, பூண்டு, வெந்தயக்களி எல்லாம் தினமும் ஆகிட்டுத்தான் இருந்தது. அம்மா மட்டும் அடுப்படியில மெதுவா சொன்னாங்க: "எட்டுல ரெண்டு தங்கலையே, அத்தை." ஆச்சி அதுக்கப்புறம் டப்பாவைப் பத்திப் பேசலை.

ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்ட் எனக்கு. தண்ணி கொதிக்க வச்சு, 70 டிகிரிக்குக் கீழ ஆறும் முன்னாடி பவுடர் போடணும் (பவுடர்லயும் கிருமி இருக்கலாம், சூட்டுல சாகும்). 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. கூட்டவும் கூடாது, டப்பா நீடிக்கட்டும்னு குறைக்கவும் கூடாது. அப்புறம் கிண்ணத்தைப் பச்சத்தண்ணியில வச்சு ஆத்தணும். மிச்சத்தைக் கீழ ஊத்தணும். காஸ்டிங் படிக்கிறவனுக்கு இது கொஞ்சம் வலிக்கும் :-)

அப்படி ஒரு ராத்திரி அக்கா கேட்டா: "ஏல, ரெண்டு வாரம் நான் அவனப் பட்டினியா போட்டேன்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்தச் சட்டத்தை விளக்க ஆரம்பிச்சேன். அது உன்னைச் சொல்லலைக்கா, கம்பெனியைக் கட்டிப்போட எழுதினதுன்னேன். "கம்பெனிக்குச் சொல்றதுன்னா கம்பெனி ஆபீஸ்ல ஒட்ட வேண்டியதுதான? ராத்திரி ரெண்டு மணிக்கு இத நான்தான படிக்கேன்?"

இதுக்குப் பதில் இன்னும் என்கிட்ட இல்லை. அந்த வரியை எடுத்துடலாம்னு சொல்ல மனசு வரலை. அவ கேட்டது தப்புன்னும் சொல்ல முடியலை. அன்னிக்கு நோட்டைத்தான் நீட்டினேன். அதுல முந்தின நாள் கணக்கு: ஒண்ணுக்கு எட்டு, வெளிக்கு நாலு. ரெண்டு தடவை எண்ணிப் பாத்தா.

பதினேழாம் நாள் 2.71. இருபத்தோராம் நாள் 2.84. தெம்பு வந்ததும் தூக்கம் குறைஞ்சு பையன் முட்டி முட்டிக் குடிக்க ஆரம்பிச்சான். பம்ப்லயும் பால் ஏறுச்சு. பவுடர் எட்டு வேளையிலேர்ந்து நாலு, அப்புறம் ராத்திரி மட்டும். ஆறு வாரத்துல மூணரை கிலோ. ரெண்டாம் மாசம் டப்பா நின்னுடுச்சு. ஆச்சி, எல்லாம் சுறாப்புட்டாலன்னு தெருவுல சொல்லிட்டிருக்கு. சொல்லட்டும்.

மூணாவது டப்பாவுல பாதி மிச்சம். கொட்ட மனசில்லாம அம்மா அதைக் காபியில கலந்து எனக்குக் குடுத்தாங்க. சகிக்கலை.