பேர்லினில் எழுவானும் படுவானும்

பிறநாட்டு நகரொன்றைக் கண்டு மீண்டோர் எழுதும் கட்டுரைகளில் மாளிகைகளும் கோபுரங்களும் நூதனசாலைகளும் முதலிடம் பெறுதல் வழக்கம். அவற்றைப் படங்களிலும் கண்டுகொள்ளலாம். ஆனால், ஒரு நகரம் தன்னிடம் வந்த அயலானை எவ்வாறு நடத்துகின்றது என்பதைப் படம் காட்டாது. அதனை அறிய விரும்புவோர் அந்நகரத்துச் சாதாரண மக்கள் ஏறும் வண்டியில் தாமும் ஏறவேண்டும். அவர்கள் காத்துநிற்கும் நிலையத்தில் தாமும் நிற்கவேண்டும்.

பாடசாலை விடுமுறையொன்றில், ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில் பதினைந்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அங்கே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் எமது அத்தான் ஒருவரின் அழைப்பின்பேரிற் சென்றோம். அவரிடம் மோட்டார் வண்டி இல்லை. அந்நகரில் அஃது இல்லாமை ஒரு குறையன்று என்பதை முதல் நாளிலேயே உணர்ந்துகொண்டோம். கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஐரோப்பிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரும் உற்றாரும் அங்கே சென்று வருகின்றனர். ஆதலின், நாம் கண்டனவற்றை இம்மலரில் எழுதுதல் சிலருக்கேனும் பயன்படும் என நம்புகின்றோம்.

பேர்லின் ஏறத்தாழ 890 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதில் வாழும் மக்கள் ஏறத்தாழ 37 இலட்சம். இவ்வளவு பெரிய நகரில் மக்களைச் சுமந்து திரிவன நால்வகை வண்டிகள். பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே ஓடும் புகையிரதத்தை ‘ஊ-பான்’ என்பர். அதன் நிலையத்தை நீலச் சதுரத்தில் எழுதிய வெள்ளை எழுத்தால் அறியலாம். பெரும்பாலும் நிலத்துக்கு மேலே ஓடும் நகரப் புகையிரதத்தை ‘எஸ்-பான்’ என்பர். அதற்கு அடையாளம் பச்சை வட்டத்தில் வெள்ளை எழுத்து. ஏனைய இரண்டும் டிராம் வண்டியும் பஸ் வண்டியுமாம். நிலக்கீழ்ப் புகையிரதம் 1902ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. நகரப் புகையிரதம் 1924ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ஓடத் தொடங்கியது. அதே 1924ஆம் ஆண்டிலேதான் எமது கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பட்டது என்பதை எண்ணியபோது, இரு தொலைவான ஊர்களுக்கிடையே ஓர் உறவு கண்டாற்போல மகிழ்ந்தோம்.

புதிதாகச் செல்வோர் அறியவேண்டியன சிலவே. நகரம் மூன்று வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளது. நகரின் நடுப்பகுதியை வளைத்துச் செல்லும் வட்டப் புகையிரதப் பாதைக்கு உட்பட்டது முதலாம் வலயம். அதற்கு அப்பால் நகர எல்லை வரை இரண்டாம் வலயம். எல்லைக்கு வெளியே உள்ள அயலூர்களும், 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையமும் மூன்றாம் வலயம். ஒரு பிரயாணத்துக்கு எடுத்த சீட்டு இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். அந்நேரத்துக்குள் புகையிரதத்தில் இறங்கி டிராமில் ஏறலாம்; டிராமில் இறங்கி பஸ்ஸில் ஏறலாம்; புதுச் சீட்டு வேண்டுவதில்லை. ஆனால் சென்ற வழியே திரும்பி வருதல் ஆகாது. பல இடங்களைக் காணச் செல்வோர் இருபத்துநான்கு மணி நேரச் சீட்டைப் பெறுதல் நன்று. இயந்திரத்திற் பெற்ற கடதாசிச் சீட்டை ஏறுமுன் அங்குள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேரம் பொறித்துக்கொள்ளல் வேண்டும். பொறிக்காத சீட்டு, சீட்டன்று. எத்திசை செல்லும் வண்டி என்பதை அதன் கடைசி நிலையத்தின் பெயரே கூறும். ஆகவே தாம் இறங்கும் நிலையத்தின் பெயரோடு அவ்வழியின் கடைசி நிலையத்தின் பெயரையும் மனத்திற் கொள்வோர் வழி தவறார்.

வட்டப் பாதையைப் பற்றி ஒரு சொல். அது 37 கிலோமீற்றர் நீளமும் 27 நிலையங்களும் உடையது. ஒரு சுற்று ஒரு மணி நேரம். ஒரு வழி வலமாகவும் மற்றொன்று இடமாகவும் ஓடிக்கொண்டேயிருக்கும். நகரை அறிய விரும்பிய நாம் ஒருநாள் அதில் ஏறி, ஆலயத்தை வலம் வருவார்போல ஒரு முறை முழுதும் சுற்றி ஏறிய இடத்திலேயே இறங்கினோம்.

எமக்கு வியப்பளித்த மற்றொன்று உண்டு. அந்நகரத்து நிலையங்களில் வாயிற் கதவு இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்து உள்ளே விடும் காவலரும் இல்லை. எம் நாட்டு பஸ் வண்டியில் கொண்டக்டர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒவ்வொருவரிடமும் காசு கேட்பார். அங்கே புகையிரதத்தில் கேட்பார் இல்லை. அதனால் எல்லாரும் அறநெறி வழுவாதவர் என்று முடிவுகட்டிவிடல் ஆகாது. சாதாரண உடையணிந்த பரிசோதகர் திடீரென எழுந்து சீட்டைக் கேட்பர். இல்லாதவர் அறுபது யூரோ தண்டம் இறுப்பர். ஆயினும் முறைமை நம்பிக்கையிலிருந்து தொடங்குகின்றது, ஐயத்திலிருந்து அன்று. வருவோன் யாவன், எவ்வூரான், எந்நிறத்தான் என்று வாயிலில் வினவாத நிலையத்தினுள் அயலானும் தலைநிமிர்ந்து நடக்கிறான்.

நீர்க்கரையிற் பிறந்த எமக்கு மிக்க மகிழ்வளித்தது ஓர் ஓடப் பிரயாணம். நகரின் தென்மேற்கில் வான்சே என்னும் ஏரி உண்டு. அது ஹாவல் ஆறு அகன்று விரிந்த இடம். அங்கிருந்து மேற்குக் கரையிலுள்ள கிளாடோ என்னும் ஊருக்கு மணிக்கொரு தடவை ஓடம் செல்கின்றது. பிரயாணம் இருபது நிமிடம். பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் வாங்கிய அதே சீட்டு அவ்வோடத்துக்கும் செல்லும். வேடிக்கைக்காகச் செல்வோரும், சைக்கிளோடு வீடு திரும்புவோரும், காய்கறி வாங்கிச் செல்லும் மூதாட்டியரும் அதில் ஒன்றாயிருந்தனர். மண்டூர் முருகன் திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையிலே பாதையேறிய நாட்கள் நினைவுக்கு வந்தன. எமது வாவியில் அக்கரைக்கு ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் ‘பாதை’ என்றே வழங்குகின்றோம். நீரின்மேல் மிதப்பதைப் பாதை என்றழைத்த எம் முன்னோர், இங்கும் வந்திருந்தால் அச்சொல்லையே சொல்லியிருப்பர்.

இனி, அந்நகரின் துயரக் கதைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்து எம் நாட்டை இரண்டாக வகுக்கின்றது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. பேர்லினும் ஒருகால் இவ்வாறே எழுவான், படுவான் என இரு பேர்லினாக இருந்தது. அதனைப் பிரித்தது வாவியன்று, மதில். 1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் எல்லை அடைக்கப்பட்டது. அன்றே வட்டப் பாதையும் அறுந்தது. அறுந்த வட்டம் மீண்டும் முழு வட்டமானது 2002ஆம் ஆண்டிலேதான். மேற்கு நகரிலிருந்து புறப்பட்டு, கிழக்கின் நிலத்தடியே ஓடி, மீண்டும் மேற்கை அடையும் வழிகள் சில இருந்தன. அவ்வண்டிகள் கிழக்கிலுள்ள நிலையங்களில் நில்லாமல், இருள் படிந்த மேடைகளைக் கடந்து சென்றன. மக்கள் அவற்றைப் பேய் நிலையங்கள் என்றனர். 1989ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மதில் திறந்தது. ஆயினும் பிரிவின் சுவடு இன்னும் உண்டு. மேற்கு பேர்லின் தனது டிராம் வண்டிகளை 1967ஆம் ஆண்டுடன் நிறுத்திவிட்டது, கிழக்கு நிறுத்தவில்லை. ஆகவே இன்றும் டிராம் மிகுதியாக ஓடும் வீதியிலே நாம் நின்றால், பெரும்பாலும் முன்னாட் கிழக்கிலே நிற்கின்றோம் என்று கொள்ளலாம்.

பேய் நிலையங்களுக்கு விலக்காக இருந்தது பிரீட்ரிக் வீதி நிலையம். கிழக்கிலே இருந்தும் மேற்கின் வண்டிகள் வந்து நின்று சென்ற இடம் அது. ஒரே கட்டிடத்துள் இரண்டு உலகங்கள். இடையே சுவரும் காவலும். மேற்கு நோக்கிச் செல்வோர் சோதனைக்கு உட்பட்ட மண்டபம் ஒன்று 1962ஆம் ஆண்டில் அருகிலே கட்டப்பட்டது. உறவினரை வழியனுப்பி மக்கள் அழுத இடமாதலால் அதற்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர். 2011ஆம் ஆண்டு முதல் அஃது ஒரு காட்சிச்சாலை, கட்டணமின்றிக் காணலாம்.

அந்நிலையத்துக்கும் எம்மவருக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின்னர், இலங்கைத் தமிழ் இளைஞர் பலர் கிழக்கு பேர்லினை அடுத்திருந்த ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினர். கிழக்கு ஜேர்மன் அரசு கடந்து செல்வதற்கான அனுமதி கொடுத்தது. அவர்கள் பிரீட்ரிக் வீதி நிலையத்தை அடைந்து, அங்கிருந்து நகரப் புகையிரதத்தில் ஏறி மேற்கு பேர்லின் சேர்ந்தனர். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. ஏனெனில், அந்த மதிலை நாட்டெல்லையாக ஏற்க மேற்கு வல்லரசுகள் மறுத்தன. 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மேல்நாட்டு விசா இல்லாத இலங்கையருக்கு இவ்வனுமதி நிறுத்தப்பட்டது. வழி அடைபடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவ்வழியே வந்தவர் எமது அத்தான்.

ஒருநாள் மாலை அவரோடு அந்நிலையத்தின் மேல்மேடையில் நின்றோம். வண்டி ஸ்பிரே ஆற்றைக் கடந்து, அப்பால் ஒரு சிறு துறைமுகத்தின் நீரையும் கடந்து அடுத்த நிலையத்தை அடைகின்றது. அதற்குச் செல்லும் நேரம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அம்மூன்று நிமிடமே அந்நாளில் இரு உலகங்களுக்கு இடைத்தூரம்.

“மச்சான், நம்மட துறையிலே பாதைக்கு நிற்கிற மாதிரித்தான் அன்றைக்கும் நின்றேன். அக்கரை சேர்ந்தாற் காணும் என்ற நினைவைத் தவிர வேறொன்றும் இல்லை” என்றார் அவர்.

புகலிடம் கேட்டோர் தமக்குக் குறிக்கப்பட்ட பிரதேசத்தை அனுமதியின்றித் தாண்டலாகாது என்று 1982ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டம் விதித்திருந்தது. ஆகவே முதற் சில ஆண்டுகள் அந்நகரத்து வண்டிகள் செல்லும் தூரமே அவருடைய உலகம். கடைசி நிலையமே அவ்வுலகின் எல்லை.

அவர் அங்கே இவ்வாறிருந்த காலத்தில், இங்கே எமது வாவியும் எல்லைக்கோடாயிற்று. போர்க்காலத்தில் எழுவான்கரை அரசின் கட்டுப்பாட்டிலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன; 2007ஆம் ஆண்டுவரை நிலைமை அவ்வாறே. மண்முனைத் துறையில் நீரின் அகலம் ஏறத்தாழ 200 மீற்றர். அவ்வளவு நீரைக் கடக்க, எம் மக்கள் பொதிகளை அவிழ்த்துக் காட்டி அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களை எம் வயதினர் மறந்திலர். தொண்ணூறுகளில் ஒருநாள், படுவான்கரையில் அத்தானின் தாயார் காலமானார். அவர் பேர்லினிலிருந்து வர இயலவில்லை. எழுவான்கரையில் இருந்த நாமும் உடனே செல்ல இயலவில்லை, துறை அடைபட்டிருந்தது. நாம் அக்கரை சேர்ந்தது மூன்றாம் நாள். கொள்ளி வைத்தவர் அயல்வீட்டுப் பிள்ளை. பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்தவருக்கும், கூப்பிடு தூரத்தில் இருந்த எமக்கும் அன்று வேற்றுமை இருக்கவில்லை.

இன்று பேர்லினில் எம்மவர் நிலைபெற்றுவிட்டனர். நகரின் தென்பகுதியில் பிளாஷ்கோ அலே என்னும் நிலக்கீழ் நிலையத்தருகே மயூரபதி முருகன் ஆலயத்தை எழுப்பியுள்ளனர். ஏழாம் இலக்க வழியில் அங்கே செல்லலாம். முழுவதும் நிலத்துக்குக் கீழே ஓடும் வழி அது. வெள்ளிக்கிழமை மாலையில் பட்டுப் புடைவையும் பூவுமாகச் செல்லும் எம் பெண்களை அவ்வண்டியிற் கண்டோம். அருகிலிருந்த ஜேர்மனியர் ஒருவரும் அவர்களை வியப்புடன் நோக்கவில்லை. அந்நோக்காமையும் ஒருவகை வரவேற்பே.

எமது வாவியின்மீதும் காலம் மாறியிருக்கின்றது. கல்லடியில் 2013ஆம் ஆண்டில் புதுப்பாலம் திறக்கப்பட்டது. மண்முனையில் 2014ஆம் ஆண்டில் பாலம் அமைந்தது. முன்னர் துறையில் நின்றோர் இன்று சில நிமிடங்களிற் கடந்து செல்கின்றனர். எனினும் பொழுது பட்டபின் பஸ் வண்டி கிடைத்தற்கரிய ஊர்கள் படுவான்கரையில் இன்னும் உள. பாலம் இருந்தும் வண்டி இல்லையேல் வறியவருக்கு அஃது அரைப் பாலமே. மேல்வகுப்பு மாணவர் சிலர் மாலை வகுப்பை முடிக்காமலே வீட்டுக்கு விரைவதை ஆசிரியராகிய நாம் நாடோறும் காண்கின்றோம்.

நகரின் பெருமையைக் கோபுரத்தின் உயரத்தால் அளப்பர் சிலர்; செல்வத்தால் அளப்பர் வேறு சிலர். வறியவரும் அயலாரும் முதியோரும், எவர்க்கும் அஞ்சாமல் அக்கரை சேர்ந்து, தம் அலுவல் முடித்து, அன்றிரவே இல்லம் மீளக் கூடுமோ என்பதே நாம் கொண்ட அளவுகோல். அவ்வளவுகோலைப் பேர்லின் தன் பிரிவின் துயரத்தாற் கற்றது. அத்துயரத்தை நாமும் அறிந்துளோம். கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். அரச அலுவலர் உளர். பிறநாடுகளில் வாழும் செல்வரும் உளர். எழுவானும் படுவானும் இனி ஒருபோதும் பிரியாதிருக்க அவர்கள் ஆவன செய்வாராக.