கை பட்டால்

மிக்ஸிங் கன்சோலில் சத்தத்தை ஏற்றி இறக்கும் புது ஃபேடர் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு கோடியில் கட்டைவிரல் நுனி அளவுக்கு மோட்டார். அதிலிருந்து நாடா மாதிரி மெல்லிய, பல் வைத்த பெல்ட் ஒன்று மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. மோட்டார் சுற்றினால் பெல்ட் இழுக்கும்; பெல்ட் இழுத்தால் மேலே இருக்கும் நாப் பத்து சென்டிமீட்டருக்குள் தானாக ஏறும், இறங்கும். பார்த்த மாத்திரத்தில் அம்மாவின் தையல் மிஷின் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அப்புறம் வேலை ஓடவில்லை.

வேலை என்றால், நண்பருடைய பழைய அனலாக் கன்சோலுக்கு மோட்டார் ஃபேடர் மாட்டுவது. 24 சேனல். மிக்ஸிங் முழுக்கக் கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிற காலத்தில் இது வேண்டாத வேலை என்று அவர் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். கன்சோல் வழியாகப் போய் வந்தால் குரலுக்குக் கொஞ்சம் சதை போடுகிறது என்பது அவர் நம்பிக்கை. நானும் பாதி நம்புகிறேன். கன்சோலுக்கு இருக்கும் ஒரே வியாதி மறதி. இன்று ராத்திரி எங்கே வயலினைத் தூக்கினோம், எங்கே தபேலாவை அமுக்கினோம் என்பது நாளைக் காலையில் அதற்குத் தெரியாது.

அந்த மறதிக்கு அந்தக் காலத்து மருந்து, ஃபேடர் ஓரமாக ஒட்டிய வெள்ளை டேப்பும் அதன் மேல் மெழுகுப் பென்சில் கோடும்தான். கோடம்பாக்கத்தில் நான் உதவியாளனாக இருந்தபோது மிக்ஸிங்கில் ஒரு ரீல் ஆயிரம் அடி, பதினோரு நிமிஷம். ஒருத்தர் கை போதாது. எஞ்சினியர் வசனத்தைப் பிடித்துக்கொள்வார். இசை இன்னொருவருக்கு. மழை, குதிரை, கதவு எல்லாம் எனக்கு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தம்பி, மழை” என்பார். நான் பயத்தில் மழையைக் கொட்டிவிடுவேன். “மழைடா, அருவி இல்ல.”

கன்சோலை வாத்தியமாகவே வாசித்தவர்களும் உண்டு. ‘டென் சிசி’ என்ற இங்கிலாந்துக் குழு, 1975-இல் வெளிவந்த ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டை ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவு செய்தது. மூன்று பேர் ஒரே சுரத்தைப் பதினாறு தடவை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல். அப்படிப் பதின்மூன்று சுரம், 624 குரல். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஃபேடர். குழுவின் நாலு பேரும் கன்சோல் முன்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தச் சுரம் வேண்டுமோ அதை மட்டும் தூக்கி இறக்கினார்கள். எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை. எந்தச் சுரமும் அடியோடு அடங்கிவிடக் கூடாது என்று ஃபேடர்களின் அடிப்பக்கத்தில் குறுக்கே டேப் ஒட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே யார் இழுத்தாலும் போகாது. பாட்டு முழுக்கப் பின்னால் மூச்சு மாதிரி ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அந்த டேப்தான் காரணம்.

கன்சோலுக்கு ஞாபகசக்தி கொடுக்க முதலில் கண்டுபிடித்த வழியில் ஃபேடர் அசையாது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் ஒலியும் கூடிக் குறைகிற ஒரு சர்க்யூட்டை வைத்துவிடுவார்கள். ஃபேடர் சவம் மாதிரிக் கிடக்கும், சத்தம் மட்டும் ஏறி இறங்கும். நிஜமான அளவு எது என்று தெரிந்துகொள்ள, குட்டி விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நாபைத் தள்ளிச் சரிக்கட்ட வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் நீவ் கம்பெனியின் ‘நெக்காம்’ வந்தது. அதில்தான் ஃபேடரே மோட்டாரால் ஓடியது. அப்புறம் நீவ் கன்சோல்களுக்கு வந்த ஒன்றுக்கு ‘ஃப்ளையிங் ஃபேடர்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். நிஜத்தில் பறக்காது. ஆனால் இருட்டு ரூமில் இருபது நாப் ஆளில்லாமல் ஏறி இறங்குவதை முதல் தடவை பார்ப்பவர்கள் ஒரு அடி பின்னால் நகர்வார்கள்.

அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை, எரிச்சல்தான். என் முதல் சம்பளத்தில் அவள் தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கிப் போனேன். தெருக்கோடி மெக்கானிக் வந்து சக்கரத்துக்குப் பின்னால் மாட்டி, தோல் வாரைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். தரையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெடல். அம்மா வலது காலை அதில் வைத்தாள். இடது கால் பழக்கத்தில் பழைய இரும்பு மிதியை மிதித்துக்கொண்டே இருந்தது. வார் இல்லாத மிதி, சும்மா ஆடும். கை மட்டும் முன்போலவே சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டிவிடும். அதற்குள் மோட்டார் கிளம்பி, மூலையில் திரும்ப வேண்டிய தையல் நேராக நாலு விரற்கடை ஓடிவிடும். “காலுக்கு வேலை இல்லேன்னா கைக்குக் கணக்குத் தெரியலடா” என்றாள். பக்கத்து வீட்டு ரவிக்கை ஒன்று போனது. மூன்று மாதம் எனக்காகப் பொறுத்துக்கொண்டாள். கரண்ட் போன ஒரு சாயங்காலம் வாரை எடுத்து மாட்டினவள், கரண்ட் வந்தபிறகும் கழற்றவில்லை. மோட்டார் பரணுக்குப் போனது.

எங்கள் மோட்டார்களும் லேசில் படியவில்லை. முதல் நாள் 24 மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பின. ஒவ்வொன்றும் கிளம்பும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பவர் சப்ளை படுத்துவிட்டது. நாலு நாலாகக் கிளப்பினோம். இப்போது ஒவ்வொரு ஃபேடரும் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, குளிர்ஜுரம் கண்ட மாதிரி வெடவெடத்தது. ஸ்டேஷன் நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கத் தெரியாத டிரைவர். அதைக் கற்றுக்கொடுக்க நண்பருக்குப் பத்து நாள் ஆயிற்று. ஆடியோ ஒயர்களுக்குள் மோட்டாரின் ‘கீ’ சத்தம் புகுந்ததைத் துரத்தியது தனிக்கதை.

ஆனால் ஒரு இங்கிதம் இந்த ஃபேடர்களுக்கு உண்டு. நாபில் உலோகப் பூச்சு. அதிலிருந்து ஒரு ஒயர் சர்க்யூட்டுக்கு. விரல் பட்டதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். அதுவரை தன்போக்கில் போய்க்கொண்டிருந்த ஃபேடர் சட்டென்று தொளதொளத்துக் கைக்கு வந்துவிடும். கை போன போக்கை அது எழுதிக்கொள்ளும். கையை எடுத்தால் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். நகம் மட்டும் பட்டால் சில சமயம் தெரியாது, சதை பட வேண்டும். அது வேலை செய்த முதல் ராத்திரி முழுக்கப் பாட்டைக் கேட்காமல், ஓடும் ஃபேடரை விரல் வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மோட்டாருக்கு இது மட்டும் தெரிந்திருந்தால்!

போன வாரம் முதல் பாட்டை அதில் மிக்ஸ் செய்தோம். மறுநாள் ஓட்டிப் பார்த்தால், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் ஃபேடர் லேசாகச் சரிந்து, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறியது. நான் அப்படிச் செய்ததாக ஞாபகமே இல்லை. மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் புரிந்தது. டீ கிளாஸை எடுக்கக் கை நீட்டியிருக்கிறேன், உள்ளங்கை உரசியிருக்கிறது. அழிப்பதற்குள் புல்லாங்குழல் வாசித்தவர் வந்துவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார். “அந்த இடத்துல ஒரு மூச்சு விட்டு ஏத்தினீங்க பாருங்க சார், அதுதான் அனுபவம்” என்றார்.

நான் மறுக்கவில்லை.