ஒரு மண்ணும்

சென்ற வருஷம் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரை, 'இதில் ஒரு மண்ணும் இல்லை' என்று முடிந்திருந்தது. எழுதியபோது அந்த வாக்கியம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. சுருக்கம், பேச்சின் சூடு, தாட்சண்யமின்மை எல்லாம் அதில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கவிஞர் தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவர். அவர் பதில் எழுதவில்லை. இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் மட்டும், 'எந்த மண்ணைத் தேடினாய்?' என்று கேட்டார். கேலி என்று விட்டுவிட்டேன்.

பேச்சில் மண்ணு என்பது ஒன்றுமில்லாததன் பெயர். இது கோவைக்கு மட்டும் உரியதல்ல. தமிழ் பேசுகிற ஊர்களிலெல்லாம் உள்ள பிரயோகம்தான். விஷயம் தெரியாதவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தொழில் நொடித்தால் பிழைப்பில் மண்ணு. ஏமாற்றுகிறவன் கண்ணில் மண்ணைத் தூவுகிறான். தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். வயிறெரிந்தவர்கள் மண்ணை வாரித் தூற்றிச் சாபமிடுகிறார்கள். ஆனால் அதே கைதான் குலதெய்வத்தின் இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப்போய், குடியேறிய ஊரில் கோயில் எழுப்புகிறது. குழிக்குள் இறக்கப்பட்டவருக்குக் கடைசியாக ஒரு பிடி போடுவதும் அந்தக் கைதான்.

ஆங்கிலம் படித்த பழக்கத்தில் 'டர்ட்' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய நார்ஸ் மொழியில் மலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. அமெரிக்கர் வாயில் இன்று அது வெறும் நிலத்து மண்ணையும் குறிக்கிறது. அந்தச் சொல் மலத்திலிருந்து மண்ணுக்கு ஏறியிருக்கிறது. நம் சொல் மண்ணிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்கியிருக்கிறது.

இறக்கியது யார்? என் அப்பிச்சி பொழுதிறங்கித் தோட்டத்திலிருந்து வந்தால் அம்முச்சி சொல்வது: 'காலெல்லாம் மண்ணு, கழுவீட்டு வாங்க.' அதில் குற்றச்சாட்டு கிடையாது; மழை என்பதுபோல அது ஒரு தகவல். அதே செம்மண் என் ஆபீஸ் சட்டையில் ஒட்டியிருந்தால் அம்மா சொல்வது: 'சட்டையெல்லாம் அழுக்கு.' அழுக்கு என்பது பொருளின் குணமல்ல, அது இருக்கும் இடத்தின் பிசகு என்ற கருத்தை மேரி டக்ளஸ் 1966இல் ஒரு புத்தகமாகவே விரித்தார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. மண்ணை விட்டு வெளியே வந்தவனின் சட்டையில்தான் மண் அழுக்காகிறது.

இன்னொன்றும் உண்டு. பழந்தமிழில் மண்ணுதல் என்றால் கழுவுதல், நீராடுதல். வென்ற அரசன் நீராடும் துறைக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் மண்ணுமங்கலம். வேர் ஒன்றோ இரண்டோ, ஒலி ஒன்று. சோப்பு வருவதற்கு முன் வண்ணார்கள் உவர்மண்ணைக் கொண்டுதானே துணி வெளுத்தார்கள்? அழுக்கைப் போக்கிய பொருளின் பெயரை நாம் வசவாக்கிக்கொண்டோம்.

நண்பரின் கேள்வி கேலியல்ல என்று எனக்கு விளங்கியது பாங்கியில். பயிர்க்கடனுக்கு வந்த பெரியவர் ஒருவர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமலே தன் பூமியைச் சொல்ல ஆரம்பித்தார்: 'மேக்கால ரெண்டு ஏக்கரு செவ்வலுங்க. கெழக்கால சுக்காங்கல்லு. நடுவால மட்டும் கரிசலு. ஒரு மழை பேஞ்சாப் பத்து நாளைக்கு ஈரங் காக்குமுங்க.' அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. 'அதெல்லாம் ஒரு மண்ணும் வேண்டாமுங்க, சிட்டா இருந்தாப் போதும்' என்றேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். 'மண்ணு வேண்டாம்னா அப்பறம் எதுக்குங்க கடன் குடுக்கறீங்க?'

அன்று மாலை பஸ்ஸில் ஆர். சண்முகசுந்தரத்தின் நினைவு வந்தது. 1942இல் வெளியான அவருடைய 'நாகம்மாள்' நாவலில், கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. ஒன்றுமில்லாததற்காக யாரும் வெட்டிக்கொண்டு சாவதில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகிய பிறகு அதை அள்ளிக்கொண்டு போவது சுலபம். கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை ஆழ ஆழ வெட்டினார்கள். 2021இல் சூளைகள் மூடப்பட்டன. குழிகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பனைமரங்கள் மண் திட்டுகளின் மேல் தனித்தனியே நிற்கின்றன. எங்கள் காடும் சைட்டாகிவிட்டது. விற்ற பணத்தில் ஒரு பகுதியில்தான் நான் ஷேக்ஸ்பியர் படித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியை மறுபடியும் எடுத்தேன். மண் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எல்லாம் கும்பிடுகிற மண், மேடையில் விளிக்கிற மண். செவ்வலா கரிசலா, ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்பது எங்கும் இல்லை. பெரியவர் ஒரு மூச்சில் சொன்னது அவற்றில் கிடையாது. இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். வசவு அந்த வேலையிலிருந்து எனக்கு விடுதலை கொடுத்துவிட்டது. என்ன இல்லை என்று சொல்லத் தெரியாத விமர்சகனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வது சௌகரியம்.

பின்பகுதியில் ஒரு சின்னக் கவிதை. கொள்ளு விதைப்பதற்கு முன் ஒருத்தி சுக்காங்கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டுபோய் வரப்பில் கொட்டுகிறாள். மறுவருஷ உழவில் கற்கள் திரும்பவும் மேலே வருகின்றன. மறுபடியும் பொறுக்குகிறாள். அவ்வளவுதான் கவிதை. மண் என்ற சொல்லே அதில் வரவில்லை.

முதல் தடவை அந்தப் பக்கத்தை நான் வேகமாகத் தாண்டியிருக்கிறேன். நண்பர் கேட்ட மண் அதில் இருந்தது. ஒரு மண்ணும் இல்லை என்று நான் எழுதியது தவறு. அதை எழுதிய பத்திரிகையின் வாசகர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் முறை.