தேவாலா மலையில தங்கம்

சிங்கப்பூர் பூன் லே பஸ் இன்டர்சேஞ்ச்ல பந்தலூர்த் தம்பி ஒருத்தரோட பேசினேன். மனசு இன்னும் அவரோட ஊர்லயே நிக்குது.

நீலகிரியில கூடலூர், தேவாலா, பந்தலூர்...
அந்த ரோட்டுல போறப்போ தேயிலையைப் பார்த்து ரசிக்கிறோம்.
அந்த மலைக்குள்ள பழைய தங்கச் சுரங்கங்கள் இருக்கு!

1879-ல ஆஸ்திரேலியாவில இருந்து சுரங்க நிபுணர் பிரௌ ஸ்மித் வந்து ஆராய்ஞ்சார்.
அடுத்த வருஷமே லண்டன்ல கம்பெனிகள் வரிசையா முளைச்சுது.
கொஞ்ச வருஷத்துல எல்லாம் சரிஞ்சுது.
கிடைச்ச தங்கம் செலவுக்கே கட்டலை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத் தமிழர்கள் அந்தப் பக்கம் வந்தாங்க.
அரசுத் தேயிலைத் தோட்டங்களை உழைச்சு வளர்த்தாங்க.

கூலி பத்தாம பழைய சுரங்கத்துல இறங்கி உயிரை விட்டவங்களும் உண்டு.

இந்த வரலாறு பாடப்புத்தகத்துல வரணும்.

அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது இருக்கீங்களா?
வீட்டுப் பெரியவங்க சொன்னதை எழுதுங்களேன்.